குளுக்கோமாச் சத்திரசிகிச்சையின் வரலாறு: வடிகால் முறைகளும் சமூக நிலைமைகளும்

விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாகக் கூறுவது நம்மிடையே பெருவழக்காக உள்ளது. ஒருவர் சிந்தித்தார், கண்டுபிடித்தார், உலகம் பயன்பெற்றது என்னும் வாய்பாடு பாடநூல்கள் முதல் மேடைப் பேச்சுகள் வரை நிலைபெற்றுள்ளது. 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே சோவியத் அறிஞர் பொறிஸ் ஹெசென், நியூற்றனின் ஆய்வுகளை அவர் காலத்துக் கப்பற் போக்குவரத்து, சுரங்கத் தொழில், போர்த் தொழில் ஆகியவற்றின் தேவைகளோடு இணைத்து விளக்கியமை இவ்வாய்பாட்டுக்கு விடுக்கப்பட்ட வன்மையான சவாலாகும். 1954இல் ஜே. டி. பேர்ணால் வெளியிட்ட 'வரலாற்றில் விஞ்ஞானம்' என்னும் நூல் அந்நோக்கை விரிவாக வளர்த்தெடுத்தது.

எனினும், சத்திரசிகிச்சை போன்ற நுண்தொழில் சார்ந்த துறைகள் சமூக நோக்கின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் முற்போக்குச் சிந்தனையாளர் மத்தியிலும் காணப்படுகின்றது. இரு சிகிச்சை முறைகளுள் எது சிறந்தது என்பதை வைத்தியர் பரிசோதித்துக் கூறிவிடுவார். அதிலே சமூகத்துக்கு என்ன இடம் என வினவப்படலாம். இக்கட்டுரை அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட துறையிலே வைத்து ஆராய முற்படுகின்றது. கண்ணழுத்த நோய் எனப்படும் குளுக்கோமாவுக்குச் செய்யப்படும் வடிகாற் சத்திரசிகிச்சைகளே அத்துறை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக இம்முறைகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு வந்துள்ளன. அவ்வொப்பீடுகளின் வரலாற்றை நோக்குமிடத்து, 'எந்த முறை சிறந்தது' என்னும் வினா 'யாருக்கு, எந்நிலைமையில்' என்னும் வினாவிலிருந்து ஒருபோதும் பிரிந்து நின்றதில்லை என்பது புலப்படும்.

இலக்கிய மாணவனொருவன் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு இரு காரணங்கள் உள. இவ்வரலாற்றின் இரு முக்கிய கட்டங்கள் தமிழ் மண்ணிலே, சென்னையிலும் மதுரையிலும், நிகழ்ந்தவை என்பது ஒன்று. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயிலிருந்து சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வெளியிட்ட காலந்தொட்டு, மருத்துவத்தைத் தமிழிலே சிந்திக்கும் மரபொன்று ஈழத்தில் உண்டு; அம்மரபு மருத்துவத்தின் சமூக வரலாற்றையும் தழுவி வளரவேண்டும் என்பது மற்றையது.

1. நோயின் இயல்பும் முரண்பாடும்

கண்ணின் முற்பகுதியில் நீர்மயவுடனீர் எனப்படும் தெளிந்த திரவம் இடைவிடாது சுரந்துகொண்டிருக்கின்றது. அதன் அளவு நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலீற்றர் வரையிலானது. கதிராளியின் பின்னேயுள்ள பிசிருடலிலே சுரக்கும் இந்நீர், கண்மணியினூடாக முன்னறையை அடைந்து, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற இழையத்தினூடாக வடிந்து குருதியிற் கலக்கின்றது. சுரப்பும் வடிவும் சமநிலையில் இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 இரச மில்லிமீற்றர் வரை அமையும். வடிகால் அடைபடும்போது அழுத்தம் ஏறுகின்றது. கண்ணின் பின்புறத்திலுள்ள பார்வை நரம்பின் இழைகள் படிப்படியாக அழிகின்றன. அழுத்தம் இயல்பான அளவில் இருக்கையிலேயே நரம்பு நலிவுறும் நோயாளரும் உளர். எனினும், அவர்களிடத்தும் அழுத்தத்தைக் குறைப்பதே பயன் நிறுவப்பட்ட சிகிச்சையாகும்.

இந்நோயின் இரு பண்புகள் நமது ஆய்வுக்கு முக்கியமானவை. முதலாவது, அழிந்த நரம்பு மீள வளர்வதில்லை. கண்புரையால் இழந்த பார்வையைச் சத்திரசிகிச்சை மீட்டுத்தரும். குளுக்கோமாவினால் இழந்ததை எச்சிகிச்சையும் மீட்பதில்லை. எஞ்சியதைக் காப்பதே சிகிச்சையின் எல்லை. இரண்டாவது, நோயின் பொதுவான வடிவம் வலியின்றி வருவது. பார்வையின் ஓரங்களே முதலில் இழக்கப்படுவதால் நோயாளி நெடுங்காலம் எதனையும் உணர்வதில்லை. எனவே உரிய காலத்தில் வைத்தியரிடம் வருதல் என்பது உடல் தரும் எச்சரிக்கையைவிட, பரிசோதனை வசதி ஒருவரது எட்டுகைக்குள் இருக்கின்றதா என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

மருந்துத் துளிகளாலும் லேசர் ஒளியாலும் அழுத்தத்தைக் குறைக்க இயலாதபோது, நீர் வடிவதற்குப் புதிய வாயில் ஒன்றைச் சத்திரவைத்தியர் அமைக்கவேண்டியுள்ளது. இங்கேதான் இத்துறையின் அடிப்படை முரண்பாடு எழுகின்றது. உடலில் ஏற்படும் எக்காயத்தையும் ஆற்றி மூடுவது உயிரின் இயல்பு. ஏனைய சத்திரசிகிச்சைகளின் வெற்றி அவ்வியல்பிலேயே தங்கியுள்ளது. குளுக்கோமாச் சத்திரசிகிச்சையோ அவ்வியல்பினாலேயே தோல்வியுறுகின்றது. திறந்த வாயில் தழும்பேறி மூடினால் அழுத்தம் மீண்டும் ஏறும். மூடாது அகன்றிருந்தால் நீர் அளவுக்கு மீறி வடிந்து கண் மென்மையுற்றுச் சுருங்கும். கிருமி உட்புகவும் வழியேற்படும். பின்வந்த முறைகள் யாவும் இவ்விரு ஆபத்துகளுக்கும் இடையே வெவ்வேறு வகையில் சமரசம் காண முயன்றவையே. ஒவ்வொரு முறையும் முன்னதன் குறையொன்றைத் தீர்த்து, புதிய குறையொன்றைத் தோற்றுவித்தது.

2. ஐரோப்பியத் தொடக்கம்

பேர்லினிற் பணியாற்றிய அல்பிறெக்ட் வொன் கிறேவ 1857இல் கதிராளியின் ஒரு பகுதியை வெட்டியகற்றும் சிகிச்சையைக் குளுக்கோமாவுக்கு அறிமுகம் செய்தார். அதுவரை தீர்க்கவியலாததெனக் கருதப்பட்ட நோயொன்று முதன்முறையாகச் சத்திரசிகிச்சைக்குப் பணிந்தது. 1851இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் அமைத்த கண்ணாய்வுக் கருவி, உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் வாய்ப்பை வழங்கியிருந்தமை இம்முன்னேற்றத்துக்குப் பின்புலமாயிருந்தது. ஆயின், திடீரென வலியோடு தாக்கும் வகையிலே சிறந்த பலனளித்த இச்சிகிச்சை, மெல்ல வளரும் வகையிலே பெரிதும் ஏமாற்றம் தந்தது.

மெல்ல வளரும் வகையிலும் சில கண்கள் குணமடைந்தன. அவற்றைக் கூர்ந்து நோக்கியோர், வெட்டுக்காயம் முற்றாக மூடாது, நீர் கசியும் வடுவாக எஞ்சியிருந்ததைக் கண்டனர். பிழையெனக் கருதப்பட்டதே பயனுக்குக் காரணமாயிருந்தது. பாரிஸில் லூயி டெ வெக்கர் முதலியோர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வனுபவத்தைக் கோட்பாடாக்கினர்: நீரை வடியவிடும் வடுவைத் திட்டமிட்டே உண்டாக்க வேண்டும். 1906இல் போர்தோ நகரத்து லாகிறான்ஜ், கண்ணின் வெளிச்சுவரான வன்கோதின் சிறு துண்டொன்றைக் கதிராளியோடு சேர்த்து அகற்றும் முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு நோர்வேயின் ஹோல்த், கதிராளியின் இழையையே வெட்டின் வாயிலில் திரியெனச் செருகிவைக்கும் முறையை அறிவித்தார். 1906ஐ அண்டிப் பிரான்சில் குதிரை மயிரையும், 1912இல் இங்கிலாந்தில் சோராப் பட்டு நூலையும் வடிகாலாகக் கண்ணினுட் செலுத்திப் பார்த்தனர். அந்நியப் பொருளைக் கொண்டு வாயிலைத் திறந்துவைக்கும் எண்ணம் அன்றே தோன்றிவிட்டது. அதனை ஏற்கத்தக்க பொருளை உற்பத்தி செய்யும் கைத்தொழில் வளர்ச்சி அன்று இருக்கவில்லை.

இதே காலப்பகுதியில் மருந்தும் போட்டிக்கு வந்தது. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரையிலிருந்தும் பிறேசிலின் ஜபொறாண்டி இலையிலிருந்தும் பெறப்பட்ட மருந்துகள் 1870களில் ஜேர்மன் வைத்தியர்களாற் குளுக்கோமாவுக்குப் பயன்படுத்தப்பட்டன. குடியேற்ற வணிகத்தின் பாதைகள் வழியே ஐரோப்பாவை அடைந்த தாவரங்கள் இவை. எனவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரத்து நோயாளிக்கு இரு வழிகள் இருந்தன: வாழ்நாள் முழுவதும் துளிகளை இட்டு வைத்தியரை அடிக்கடி காண்பது, அல்லது கத்திக்கு உட்படுவது.

3. சென்னையில் ஒரு துளை

கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சியின்போது 1819இல் சென்னையில் நிறுவப்பட்ட கண் வைத்தியசாலை ஆசியாவின் மிகப் பழைய கண் வைத்தியசாலைகளுள் ஒன்றாகும். பின்னர் எழும்பூரிலே அரசினர் கண் வைத்தியசாலையாக வளர்ந்த இந்நிறுவனத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் முதற் தசாப்தத்தில் தலைமை தாங்கியவர், இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த றொபேட் ஹென்றி எலியட். அவர் 1909இல் புதிய முறையொன்றை வெளியிட்டார். கண்வெள்ளையைப் போர்த்தியுள்ள மென்சவ்வை ஓரமாக உயர்த்தி, விழிவெண்படலமும் வன்கோதும் சந்திக்கும் விளிம்பிலே, 2 மில்லிமீற்றர் அளவான வட்டத் துளைகருவியைச் சுழற்றி ஒரு சிறு வில்லையை அகற்றி, மீண்டும் மென்சவ்வினால் மூடுவதே அது. உள்ளிருந்து கசியும் நீர் சவ்வின்கீழ்க் கொப்புளம்போற் தேங்கி மெல்ல உறிஞ்சப்படும். ஏறக்குறைய அதே காலத்தில் கிளாஸ்கோவின் பிறீலண்ட் பேர்கஸும் வன்கோதிலே துளையிட்டார். ஆயினும் விளிம்பிலே துளையிடும் எலியட்டின் முறையே பரவியது. 1913இல் அவர் இது பற்றித் தனிநூலொன்றை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே 'எலியட் சத்திரசிகிச்சை' ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்காயிற்று.

இம்முறை ஏன் சென்னையில் உருப்பெற்றது? எலியட்டின் கைத்திறனும் கூர்மதியும் ஐயத்துக்கு இடமற்றவை. ஆயின், அவருக்கு வாய்த்த களத்தையும் நோக்கவேண்டும். பரந்த மாகாணமொன்றின் கிராமங்களிலிருந்து நோயாளர் ஒரே வைத்தியசாலையை நோக்கி வந்தனர். கூலி உழைப்பை விட்டு நெடுந்தூரம் வந்த ஒருவர், நாள்தோறும் துளியிட்டு மாதந்தோறும் திரும்பி வருவார் என எதிர்பார்க்க இயலாது. அவருக்குப் பொருந்தக்கூடிய சிகிச்சை ஒருமுறை செய்வதோடு முடிவதாக, எளிய கருவிகளாற் செய்யத்தக்கதாக, பலர்மீது திரும்பத்திரும்பச் செய்யத்தக்கதாக இருத்தல் வேண்டும். எலியட்டின் துளை இம்மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்தது. வறுமை விதித்த நிபந்தனை சத்திரசிகிச்சையின் வடிவத்திலே பதிந்துள்ளது எனலாம்.

குடியேற்ற வைத்தியசாலை இன்னொன்றையும் வழங்கியது: எண்ணிக்கை. ஐரோப்பிய வைத்தியர் பல்லாண்டுகளிற் காணக்கூடிய நோயாளரைச் சென்னை வைத்தியர் குறுகிய காலத்திலே கண்டார். நூற்றுக்கணக்கான கண்களிற் பெற்ற பழக்கமே அவரது முறையைச் செப்பனிட்டது. அவ்வறிவு நூலாகி இலண்டனை அடைந்தது. எலியட்டின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிலைத்தது; கண்களைக் கொடுத்தோர் எண்களாக எஞ்சினர். மூலப்பொருள் குடியேற்ற நாட்டிலிருந்தும், முடிவுற்ற பண்டம் தலைநகரிலிருந்தும் வருவதாகிய பொருளாதார உறவின் சாயல் அறிவுற்பத்தியிலும் படிந்திருப்பதை இங்கே காண்கிறோம். எனினும் இதனை வெறும் சுரண்டலெனக் கூறி முடிப்பது எளிமைப்படுத்தலாகும். பார்வை இழக்கவிருந்த பலர் அத்துளையாற் பார்வையோடு வீடு திரும்பினர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

துளையின் குறைகள் பின்னரே தெளிவாயின. காப்பின்றித் திறந்த வாயிலினூடாக நீர் மிகையாக வடிந்து முன்னறை தட்டையாகும்; கண்புரை விரைவில் வளரும்; மேலுள்ள சவ்வு காலப்போக்கில் மெலிந்து, ஆண்டுகள் கழிந்தபின்னரும் கிருமி உட்புகுந்து ஓரிரு நாளில் கண்ணையே அழித்துவிடக்கூடும். இக்குறைகள் ஏன் முன்னரே முழுமையாக உணரப்படவில்லை என்பதற்கு ஓர் அனுமானம் கூறலாம். கிராமத்துக்குத் திரும்பிய நோயாளி மீண்டும் வைத்தியசாலைக்கு வராதவிடத்து, அவருடைய பிந்திய தோல்வி எப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வராதவரைக் குணமடைந்தவராகக் கொள்ளும் கணக்கு, வறியவர் மத்தியில் எப்போதும் சிகிச்சைக்குச் சாதகமாகவே அமையும்.

4. மூடிவைத்த வாயில்: 1968

பின்வந்த தசாப்தங்களில் சத்திரவைத்தியர் துளைக்கும் திரிக்கும் இடையே ஊசலாடினர். 1958இல் பிலடெல்பியாவின் ஹரோல்ட் ஷீ, வெட்டின் விளிம்பைச் சூட்டினாற் சுருக்கித் திறந்துவைக்கும் முறையை வெளியிட்டார். ஆயின் இவை யாவும் முழுத் தடிப்பிலும் திறந்த வாயில்களே. 1968இல் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஜோன் கேண்ஸ் அறிவித்த முறை இந்நிலையை மாற்றியது. வன்கோதிலே பாதித் தடிப்பில் ஒரு மடலை உயர்த்தி, அதன்கீழ் வாயிலை வெட்டி, மடலை மீண்டும் நூலால் தைத்துவிடுவது இம்முறை. நீர் மடலின் விளிம்புகளினூடே தடுக்கப்பட்டே வடியும். திரபெக்குலெக்ரொமி எனப்படும் இம்முறை இன்றும் வடிகாற் சத்திரசிகிச்சையின் அளவுகோலாக உள்ளது.

இங்கும் கோட்பாடு ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்தமை குறிப்பிடத்தக்கது. அடைபட்ட சல்லடை இழையத்தை அகற்றினால் நீர் கண்ணின் இயல்பான கால்வாயின் வெட்டுமுனைகளுக்குள் செல்லும் என்றே கேண்ஸ் எதிர்பார்த்தார். வெற்றியுற்ற கண்களிலோ நீர் பெரும்பாலும் மடலைச் சுற்றிக் கசிந்து, எலியட்டின் கண்களிற் போலவே, சவ்வின்கீழ்க் கொப்புளமாகத் தேங்கியது. புதிய முறை பழைய தத்துவத்தையே காப்போடு மீட்டெடுத்திருந்தது. அக்காப்பைச் சாத்தியமாக்கியவை சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டியும் மிக மெல்லிய தையல் நூலும் ஆகும். உற்பத்திச் சாதனங்களின் வளர்ச்சியே 1909இல் இயலாததை 1968இல் இயல்வதாக்கியது.

மடல் மிகைவடிவைக் குறைத்தது. தழும்பை அது வெல்லவில்லை. 1980களிலே, புற்றுநோய்க்குப் பயன்பட்ட இரு மருந்துகள் தழும்பேறலைத் தடுக்கக் கையாளப்பட்டன. மைற்றோமைசின் பற்றிய முன்னோடி அறிக்கை 1983இல் தாய்வானிலிருந்து வந்தது; புளோரோயுராசில் அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்டது. வெற்றி வீதம் உயர்ந்தது. ஆயின் மருந்திட்ட சவ்வு மெலிந்து, எலியட் காலத்துப் பிந்திய கிருமித்தொற்று மீண்டும் தலைகாட்டியது. மேலும், இம்முறையின் வெற்றி சத்திரசிகிச்சைக் கூடத்தோடு முடிவதில்லை. அடுத்துவரும் வாரங்களில் நோயாளி திரும்பத்திரும்ப வரவேண்டும். தையலை லேசரால் அறுத்தல், கண்ணை அழுத்தி நீரை வடியச் செய்தல், ஊசி மருந்திடல் என்பன தேவைப்படலாம். ஒருமுறை செய்து அனுப்பும் சென்னைத் துளைக்கு நேர்மாறாக, இது வைத்தியசாலைக்கு அருகே வாழ்பவரை, அல்லது பயணத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடுகொடுக்கக் கூடியவரை, உட்கிடையாக எதிர்பார்க்கின்றது.

5. குழாயும் தட்டும்

குதிரை மயிர் பற்றிய பழைய எண்ணம் உலகப் போருக்குப் பிந்திய பிளாஸ்ரிக் கைத்தொழிலோடு உயிர்பெற்றது. அக்றிலிக் பொருளைக் கண் ஏற்றுக்கொள்ளும் என்பது 1949இல் இலண்டனில் ஹரோல்ட் றிட்லி செயற்கை வில்லையைப் பொருத்தியதோடு வெளிப்பட்டிருந்தது. 1969இல், இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவின் கேப்ரவுனில் பணியாற்றிய அந்தனி மொல்தேனோ, சிறு தட்டோடு இணைந்த குழாய்ச் சாதனமொன்றை வெளியிட்டார். 1970களிற் தட்டைக் கண்ணின் விளிம்பிலிருந்து பின்னகர்த்தி, நீண்ட குழாயால் முன்னறையோடு இணைத்தார். தழும்பைத் தடுப்பதற்குப் பதிலாகத் தழும்பையே பயன்படுத்துவது இதன் சிறப்பாகும். தட்டைச் சுற்றி உருவாகும் தழும்புறை ஒரு நீர்த்தேக்கமாகி, அதன் சுவரினூடே நீர் மெல்ல உறிஞ்சப்படுகின்றது. நூற்றாண்டுக் காலம் எதிரியாயிருந்த இயல்பு இங்கே கூட்டாளியாயிற்று.

பின்வந்த இரு சாதனங்கள் இத்துறையை இரு பாதைகளாகப் பிரித்தன. பேர்வெல்ட் சாதனம் 350 சதுர மில்லிமீற்றர் பரப்புடைய பெரிய தட்டைக் கொண்டது. அதிலே அடைப்பிதழ் இல்லை. எனவே, தழும்புறை உருவாகும் வரை ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குக் குழாயைக் கரையும் நூலாற் கட்டிவைக்க வேண்டும். 1993இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்த அகமட் சாதனம் 184 சதுர மில்லிமீற்றர் தட்டையும், அழுத்தம் மிகக் குறையும்போது மூடிக்கொள்ளும் அடைப்பிதழையும் உடையது. முதல் நாளிலிருந்தே வடிகிறது. தொடக்க ஆபத்துக் குறைவு. இவ்விரண்டையும் ஐந்தாண்டுகள் ஒப்பிட்ட ஆய்வுகளின் சாரம், பெரிய தட்டு அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைக்கின்றது, ஆயின் கண் அளவுக்குமீறி மென்மையுறும் ஆபத்தும் அதனிடம் கூடுதல் என்பதாகும். 1909இன் முரண்பாடு சிலிக்கனிலும் தொடர்கின்றது.

6. ஒப்பீட்டின் கணக்கு

திரபெக்குலெக்ரொமியா, குழாயா என்னும் வினாவுக்கு விடைகாண 1999இல் அமெரிக்காவை மையமாகக் கொண்டு ஆய்வொன்று தொடங்கப்பட்டது. முன்னர் கண்புரைச் சிகிச்சையோ தோல்வியுற்ற வடிகாற் சிகிச்சையோ பெற்ற 212 கண்கள் இதில் அடங்கின. 2012இல் வெளியான ஐந்தாண்டு முடிவுகளின்படி, குழாய்ச் சிகிச்சை நூற்றுக்கு 29.8 கண்களிலும், மைற்றோமைசினோடு செய்த திரபெக்குலெக்ரொமி 46.9 கண்களிலும் தோல்வியுற்றன. இம்முடிவு சத்திரவைத்தியர்களின் பழக்கத்தையே மாற்றியது. பின்னர், முன்னொருபோதும் கண் சத்திரசிகிச்சை பெறாதோரிடத்து இரு முறைகளும் ஒப்பிடப்பட்டன. அங்கே முதலாம் ஆண்டிற் குழாயின் தோல்வி 17.3 ஆகவும், திரபெக்குலெக்ரொமியின் தோல்வி 7.9 ஆகவும் இருந்தன. 2022இல் வெளியான ஐந்தாண்டு முடிவிலே தோல்வி வீதங்களுக்கிடையே புள்ளிவிபர முக்கியத்துவமுள்ள வேறுபாடு காணப்படவில்லை. ஒரே இரு முறைகள், நோயாளர் மாறியவிடத்து வேறு விடை தந்தன.

இவ்விரண்டாம் ஆய்விலே மேலோட்டமாக வாசிப்போர் தவறவிடக்கூடிய விவரமொன்று உண்டு. ஐந்தாண்டு முடிவிலே கண்ணழுத்தம் இரு பகுதியாரிடத்தும் ஏறக்குறைய 13 ஆகவே இருந்தது. ஆயின் அதனைப் பேணுவதற்குக் குழாய் பொருத்தியோருக்குச் சராசரி 2.2 மருந்துகளும், மற்றையோருக்கு 1.3 மருந்துகளும் தேவைப்பட்டன. அழுத்தத்தை அளவுகோலாகக் கொண்டால் இரண்டும் சமம். மருந்துக் குப்பி அரச செலவிலோ காப்புறுதியிலோ வந்துசேரும் சமூகத்தில் அவை சமமாகவே இருக்கலாம். ஒவ்வொரு குப்பியும் குடும்பத்தின் உணவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இடத்தில் அவை சமமல்ல; அங்கே மருந்து நிறுத்தப்படும், அழுத்தம் ஏறும், எஞ்சிய பார்வையும் போகும். மறுபுறம், திரபெக்குலெக்ரொமிக்குப் பின்னான வாரங்களிற் திரும்பி வர இயலாதவருக்கு அதன் மேன்மையும் ஏட்டளவினதே. ஆய்வுகள் பொய்யானவை என்பது இதன் பொருளன்று. நெறிப்படி செய்யப்பட்ட அவ்வாய்வுகள் இல்லாவிடின் தனிமனித நம்பிக்கைகளே சிகிச்சையைத் தீர்மானித்திருக்கும். ஆயின் 'வெற்றி' என்னும் கருத்தாக்கத்துள் நோயாளியின் பயணமும் கூலியும் மருந்துச் செலவும் இடம்பெறாதவிடத்து, புள்ளிவிபரம் சமூக வேறுபாட்டைத் தன் சராசரிக்குள் மறைத்துவிடுகின்றது.

சந்தையின் செல்வாக்கும் கவனத்துக்குரியது. 2010களில் நுண்ணிய வடிகாற் குழல்கள் பல வெளிவந்தன. சிறு காயம், விரைவான குணம் என்பன அவற்றின் கவர்ச்சி. கண்புரைச் சிகிச்சையோடு சேர்த்துப் பொருத்துவதற்கென 2016இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சைபாஸ் என்னும் குழல், விழிவெண்படலத்தின் உட்கலங்களை அது ஐந்தாண்டுகளில் இழக்கச் செய்வது வெளிப்பட்டதும், 2018இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. இரண்டாண்டுத் தரவுகளோடு விற்பனைக்கு வந்த பொருளின் தீங்கு ஐந்தாம் ஆண்டிலே தெரியவந்தது. வாழ்நாள் நோயொன்றின் காலமும் முதலீட்டின் காலமும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்றாகும்.

7. மதுரையில் ஒரு தட்டு

1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 1992இல் அவுறோலாப் என்னும் உற்பத்திக் கூடத்தை நிறுவி, செயற்கை வில்லையைக் குறைந்த விலையிற் செய்யத் தொடங்கியது. அக்கூடம் 2013இல் பேர்வெல்ட் வடிவத்தைப் பின்பற்றிய, 350 சதுர மில்லிமீற்றர் தட்டுடைய வடிகாற் சாதனமொன்றை வெளியிட்டது. அதன் விலை மேனாட்டுச் சாதனங்களின் விலையில் ஒரு சிறு பகுதியே. தத்துவத்தில் இது புதியதன்று. ஆயின், இந்தியாவிலும் பிற வறிய நாடுகளிலும் பலருக்கு 'குழாயா, வெட்டா' என்னும் வினாவே அதுவரை எழுந்ததில்லை. விலையே விடையைத் தீர்மானித்திருந்தது. தெரிவு ஒன்று உண்மையான தெரிவாவதற்குத் தேவைப்பட்டது புதிய கண்டுபிடிப்பன்று, உற்பத்தி உறவின் மாற்றமே.

எழும்பூரின் துளையையும் மதுரையின் தட்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது. முன்னதிலே வறுமைக்கு ஏற்பச் சத்திரசிகிச்சை சுருக்கப்பட்டது. பின்னதிலே வறுமைக்கு ஏற்பப் பொருளின் விலை சுருக்கப்பட்டது; சிகிச்சையின் தரம் விடப்படவில்லை. இவ்வேறுபாடு வரலாற்று முன்னேற்றமே. எனினும் அதனை மிகைப்படுத்தலாகாது. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமப்புறங்களிலே நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், குளுக்கோமா உள்ளவராகக் கண்டறியப்பட்டோரில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறியாதிருந்தனர். கண்டறியப்படாத நோயாளிக்குத் துளையும் மடலும் தட்டும் ஒன்றே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். வடிகால் முறைகளின் வளர்ச்சி, தழும்புக்கும் மிகைவடிவுக்கும் இடையிலான உயிரியல் முரண்பாட்டினால் உந்தப்பட்டது. இம்முரண்பாட்டைச் சமூகக் காரணிகளாக மட்டும் சுருக்குவது தவறு. அதனைத் தீர்ப்பதற்கான வழிகள் அவ்வக்காலத்து உற்பத்திச் சாதனங்களால், எஃகுத் துளைகருவி, நுணுக்குக்காட்டி, பிளாஸ்ரிக் என்பவற்றால், எல்லைப்படுத்தப்பட்டன. தீராது எஞ்சிய ஆபத்தை யார் சுமப்பது என்பதைத் தீர்மானித்தது சமூக அமைப்பே. துளையின் பிந்திய தொற்றைத் தூரத்துக் கிராமத்தவர் சுமந்தார். குழாயின் மருந்துச் செலவைக் காப்புறுதியற்றவர் சுமக்கிறார்.

எனவே வைத்தியர் இரு முறைகளை ஒப்பிடும்போது, அழுத்தத்தின் அளவோடு மேலும் மூன்றினை வினவுதல் வேண்டும்: நோயாளி எத்தனை முறை திரும்பி வர இயலும், மருந்தை எத்தனை ஆண்டுகள் வாங்க இயலும், கண் சிவந்து வலிக்கும் நாளில் எவ்வளவு தூரத்தில் வைத்தியர் இருக்கின்றார். இவ்வினாக்கள் மருத்துவத்துக்குப் புறம்பானவையல்ல; பார்வை எஞ்சுமா, எஞ்சாதா என்பது இவற்றிலும் தங்கியுள்ளது. இவற்றுக்கான விடையை நோயாளியின் தனிப்பட்ட பொறுப்பாக விட்டுவிடுவதா, பொது வைத்திய சேவையின் கடமையாக ஆக்குவதா என்பது சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே தீர்க்கப்படவேண்டியது. அத்தீர்ப்பில் இலக்கிய மாணவருக்கும் தொழிலாளருக்கும் வைத்தியருக்கும் சமபங்கு உண்டு.